விலகியதா, விலக்கியதா?

(குறிஞ்சிப்பிட்டியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். பேச்சில் வந்த சில கிளைக்கதைகளும் இறுதியில் நடந்த கேள்வி பதிலும் இங்கே சேர்க்கப்படவில்லை.)

 

மொழியைப் பற்றிப் பேச வேண்டும், ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் ஏதாவது இருக்க வேண்டும் என்று என்னை அழைத்தவர்கள் கேட்டார்கள். அதனால் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எஸ்ட்ரேன்ஜ். நெருங்கி இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் வேற்றாளாகிப் போவதைச் சொல்லும் வினைச்சொல் அது. கணவன் மனைவி, அண்ணன் தம்பி, நண்பர்கள், ஊர்கள், சமூகங்கள் என்று எல்லாருக்கும் பொருந்தும். இந்தக் கற்பிட்டிக் குடாநாட்டில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவே இந்த மணல் நிலம். இவ்வளவு சிறிய இடத்தில் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் நடந்த விலகல்கள் நாட்டின் வேறெந்தக் கரையிலும் இத்தனை வகையாக நடக்கவில்லை என்பது என் கணிப்பு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘அவர்கள் விலகிப் போனார்கள்’ என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் ‘யார் விலக்கினார்கள்’ என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். சில இடங்களில் பதில் வராது. பல இடங்களில் வரும்.

1. சொல் பிறந்த வீடு

லத்தீனில் ‘எக்ஸ்ட்ரா’ என்றால் வெளியே. வெளியிலிருந்து வந்தவன், வீட்டைச் சேராதவன் ‘எக்ஸ்ட்ரானெயுஸ்’. அதிலிருந்து ஒருவனை வெளியாளாக நடத்துவது என்ற வினை உண்டானது. அந்த வினை பழைய பிரெஞ்சில் உருமாறி, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் எஸ்ட்ரேன்ஜ் என்று நுழைந்தது. மாணவர்களுக்குத் தெரிந்த ஸ்ட்ரேன்ஜ், ஸ்ட்ரேன்ஜர் ஆகிய இரண்டும் அதே குடும்பம். அவை கொஞ்சம் முன்னதாகவே ஆங்கிலத்தில் குடியேறிவிட்டன. பிரெஞ்சில் இன்றும் வெளிநாட்டவனுக்கு இந்த வேரிலிருந்து வந்த பெயர்தான். அல்பேர் காம்யு 1942இல் வெளியிட்ட நாவலுக்கு அதுவே தலைப்பு. தமிழில் வெ. ஸ்ரீராம் அதை ‘அந்நியன்’ ஆக்கினார்.

ஸ்ட்ரேன்ஜருக்கும் எஸ்ட்ரேன்ஜுக்கும் எழுத்தில் வேறுபாடு சிறிது. பொருளில் பெரிது. முன்பின் அறியாதவன் ஸ்ட்ரேன்ஜர். அறியாதவனை எஸ்ட்ரேன்ஜ் செய்ய முடியாது. உள்ளே இருந்தவனுக்குத்தான் அது நேரும். ஆக, உறவு ஒன்று முன்பு இருந்தது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

இன்னொன்று, இன்றைய பேச்சுக்கு முக்கியமானது: அந்த வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும். ஒருவர் இன்னொருவரை எஸ்ட்ரேன்ஜ் செய்கிறார். செய்தவர் இல்லாமல் வாக்கியம் நிற்காது. ஆனால் இன்றைய ஆங்கிலப் பத்திரிகையில் அந்தச் சொல்லை வினைமுற்றாகக் காண்பது அரிது. ‘எஸ்ட்ரேன்ஜ்ட்’ என்று பெயருக்கு முன்னால் ஒட்டிய அடைமொழியாகத்தான் வரும். விலகிய கணவன், விலகிய மகள். யாரிடமிருந்து விலகினார்கள் என்று தெரியும். விலக்கியது யார் என்பது அடைமொழிக்குள் மறைந்துவிடும். 500 ஆண்டுகளில் அந்தச் சொல் தன் எழுவாயைத் தொலைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

அதே பொருளில் ஆங்கிலத்தில் இன்னொரு தொடர் உண்டு. ‘ட்ரிஃப்ட்’ ஆகிப் போனார்கள் என்பார்கள், படகு அள்ளுண்டு போவது போல. யாரையும் குற்றம் சொல்லாத தொடர் என்பதால் எல்லாருக்கும் அது பிடிக்கும். ஆனால் ‘ட்ரிஃப்ட்’ என்ற சொல்லும் ‘ட்ரைவ்’ என்பதும் ஒரே வேரில் பிறந்தவை: செலுத்துவது, செலுத்தப்பட்டது. இதைக் கடல் தொழிலுக்குப் போகும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வள்ளம் தானாக நகர்ந்தது என்று கரையில் நிற்பவன் சொல்லலாம். கடலில் இருப்பவனுக்கு அது சோளகக் காற்றா, கச்சான் காற்றா, நீரோட்டமா என்று தெரியும்.

2. ஒரு மெய்யெழுத்து

தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்லத் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. ஒரு மெய்யெழுத்து போதும். விலகு, விலக்கு. நீங்கு, நீக்கு. ஒதுங்கு, ஒதுக்கு. பிரிந்தது, பிரித்தது. கலைந்தது, கலைத்தது. முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை என்று எட்டாம் வகுப்பில் படித்து மறந்துவிடுகிறோம். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் ‘கலைத்தல்’ என்றால் துரத்துதல். பறவை கலைந்தது என்பதற்கும் பறவையைக் கலைத்தார்கள் என்பதற்கும் நடுவே ஒரு கை இருக்கிறது.

பழைய அகப்பாடல் மரபில் பிரிவு என்பது பெரும்பாலும் வழிப் பயணம். பொருள் தேட, போருக்கு, தூதுக்கு, கல்விக்கு என்று தலைவன் போவான். காரணம் உண்டு, போகிறவனுக்கு முகம் உண்டு, திரும்பி வரும் பருவமும் குறித்திருக்கும். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே வேற்றாளாகிப் போவது அந்தப் பிரிவு அல்ல. ‘மனம் விட்டுப் போச்சு’ என்று நம் வீடுகளில் சொல்வது எஸ்ட்ரேன்ஜுக்கு அதைவிட நெருங்கிய சொல்.   

இனி இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு கரையின் வரலாற்றைப் பார்ப்போம்.

3. கற்பிட்டியில் பிறந்தவர்

சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியில் பிறந்தார். 1834இல் இலங்கை பற்றிய கெசற்றியரை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்ற நூலைத் தந்தார். அடுத்த ஆண்டே காலமானார். தமிழ்ப் புலவர் வரலாற்றை முறையாகத் தொகுக்கும் வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவர் மதுரையிலோ சென்னையிலோ அல்ல, இங்கிருந்து சில கல் தொலைவில் பிறந்தார் என்பது இந்தக் குடாநாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். 2001ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் அந்தச் சமூகத்தினர் இலங்கைச் செட்டிகள் என்ற தனி இனக்குழுவாக எண்ணப்பட்டார்கள். பரதவர்களும் அப்படியே. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை எழுதியவரின் வழியினர் இன்றைய கணக்கேட்டில் தமிழர் என்ற பத்தியில் இல்லை. வீட்டு மொழி மாறியது, பின்னர் சமூகப் பெயரும் தனித்து நின்றது. யாரும் யாரையும் துரத்தவில்லை. ஆங்கிலப் படிப்பும் கொழும்பு வாழ்வும் அரச உத்தியோகமும் சேர்ந்து நூறு ஆண்டுகளில் செய்த வேலை. இங்கே தன்வினையை நான் ஒப்புக்கொள்வேன்.

சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையிலுள்ள கத்தோலிக்க மீனவர்களின் கதைக்கு அதே தன்வினை போதாது. அவர்களில் பெரும்பகுதியினர் தமிழ் பேசியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தம்மைச் சிங்களவர் என்கிறார்கள். ‘காலப்போக்கில் சிங்களமாகிவிட்டார்கள்’ என்றுதான் நாம் வழக்கமாக எழுதுகிறோம். காலம் பாடசாலை நடத்துவதில்லை. 1939இல் சிலாபம் தனி மறைமாவட்டமாயிற்று. 1940 முதல் 1972 வரை அங்கே ஆயராக இருந்தவர் எட்மண்ட் பீரிஸ். அவர் சிறந்த வரலாற்றறிஞரும்கூட. இந்தக் கரையில் திருச்சபைப் பாடசாலைகளின் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியதில் அவர் பங்கு பெரிது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு எடுத்துக்கொண்டபோது மாற்றம் ஏற்கெனவே நடந்து முடிந்த இடங்கள் பல. லத்தீன் போய் மக்கள் மொழியில் பூசை வந்தபோது எந்த மொழி மக்கள் மொழி என்ற கேள்விக்கும் பெரும்பாலான பங்குகளில் விடை முன்பே எழுதப்பட்டிருந்தது.

இதைப் பழியாகச் சொல்லவில்லை. பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நினைத்த தாய் தகப்பனுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் முடிவெடுத்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பெயரும் பதவியும் திகதியும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அதே கரையில் உடப்பைப் பாருங்கள். திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் தமிழ்ப் பாடசாலையும் உள்ள இந்து மீனவக் கிராமம். கடல் ஒன்று, தொழில் ஒன்று, சுற்றிலும் சிங்கள ஊர்கள். உடப்பு இன்றும் தமிழ் பேசுகிறது. பாடசாலை மொழி மாறாத இடத்தில் வீட்டு மொழியும் மாறவில்லை.

நீர்கொழும்பில் இன்னும் தமிழ் பேசும் மீனவர்களின் பேச்சை ஸ்டீவன் பொன்ரா என்ற அமெரிக்க மொழியியலாளர் ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பேச்சில் வினைமுற்றின் இட விகுதிகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. நான், நீ, அவன் என யார் வந்தாலும் வினை ஒரே வடிவில் நிற்கும். பேச்சுச் சிங்களத்தின் வழக்கம் அது. மலையாளமும் தமிழிலிருந்து பிரிந்து வளர்ந்தபோது அந்த விகுதிகளை இழந்தது. பொன்ராவைப் படித்தபோது எனக்கு ஒரு சிரிப்பு வந்தது: யார் செய்தது என்று வினைமுற்று சொல்லாத தமிழ் இந்தக் கரையில்தான் உருவாக வேண்டுமா!

4. ‘நீங்களும் நாங்களே’

தமிழைக் கைவிட்டவர்கள் வேறு இனமானார்கள் என்றால் கணக்கு எளிதாக முடிந்துவிடும். முடியவில்லை. இந்த அவையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழைக் கைவிடாத முஸ்லிம்கள். வீட்டிலும் பள்ளிவாசலிலும் சந்தையிலும் தமிழே. ஆனால் கணக்கேட்டில் தமிழர் இல்லை. இந்த இரண்டாவது விலகலுக்குப் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன.

பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் முஸ்லிம்கள் என்பது அவர் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் அணைத்துக்கொள்ளும் பேச்சு. நேரத்தைக் கவனியுங்கள். சட்டசபையில் சோனகருக்குத் தனி நியமன இடம் கொடுப்பதா என்ற விவாதம் நடந்துகொண்டிருந்த காலம். அவர்கள் தமிழர்தான் என்றால் தனி இடம் எதற்கு? தமிழ்ப் பிரதிநிதி இராமநாதன் ஏற்கெனவே இருக்கிறாரே! அடுத்த ஆண்டே எம்.சி. அப்துல் ரகுமான் முதலாவது சோனக உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இராமநாதனுக்கு விரிவான மறுப்பை ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் வெளியிட்டார்.

அந்த மறுப்பிலுள்ள வரலாற்று வாதங்கள் எல்லாம் நிற்குமா என்பது வேறு விடயம். இராமநாதனுடையவையும் எல்லாம் நிற்காது. ‘நீயும் நானும் ஒன்று’ என்று ஒருவன் சொல்லும்போது மற்றவனுடைய ஆசனம் காணாமல் போகுமானால், அந்த வார்த்தை விலக்கும். அதே காலத்தில் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1882 முதல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தமிழில் நடத்தினார். 1885இல் ‘அசன்பேயுடைய கதை’ என்று தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றை எழுதினார். தமிழ் இலக்கியத்துக்குப் பங்களித்துக்கொண்டிருந்த சமூகம் அரசியலில் தனி வழி தேடியதற்குத் தமிழ் மேல் வெறுப்பு காரணமல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? 1915இல் நடந்த சிங்கள முஸ்லிம் கலவரத்துக்குப் பின் இராமநாதன் சட்டசபையில் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். அடிபட்டவர்கள் முஸ்லிம்கள். அந்தப் பேச்சு அவர்கள் மனத்தில் தங்கியது.

இந்த விலகலில் மூன்றாவது கை ஒன்றும் இருந்தது. ஆசனத்தை இனத்துக்கு ஒன்று என்று பங்கிட்ட குடியேற்ற ஆட்சி. அந்தப் பங்கீடு இல்லாவிட்டால் 1888இல் அந்தக் கட்டுரைக்கும் 1907இல் அந்த மறுப்புக்கும் அவசரம் இருந்திருக்காது. இலங்கை முஸ்லிம் அடையாளம் உருவான விதத்தை எம்.ஏ. நுஃமான் 2002இல் எழுதிய ஆங்கில நூலில் நிதானமாக விளக்கியிருக்கிறார். மேல்வகுப்பு மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

5. இரண்டு மணி நேரம்

இனிச் சொல்லப்போவதை யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன் உங்கள் முன்னால் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மாத நடுவில் சாவகச்சேரியில் தொடங்கியது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவின் பகுதிகளிலும் நடந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் முஸ்லிம்களை ஒலிபெருக்கி மூலம் கூட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். நகையும் பணமும் பத்திரங்களும் வழியிலேயே பறிக்கப்பட்டன. மொத்தத்தில் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் படகேறி இந்தக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அந்த நாட்களில் எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த படகுகளைக் கண்ணால் கண்டவர்கள் இந்த அவையில் இருக்கலாம்.

அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கிழக்கில் தமிழ்க் கிராமங்களும் தாக்கப்பட்டன. முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கு அதில் பங்கிருந்தது. இவற்றை அடுத்தடுத்து வைத்து, எல்லாரும் எல்லாரையும் அடித்தோம், எல்லாரும் விலகிப்போனோம் என்று கணக்கை நேர்செய்யும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. நேராகாது. கிழக்கில் நடந்த எதுவும் சாவகச்சேரியில் தையற்கடை வைத்திருந்தவனின் குற்றமல்ல. வடக்கில் நடந்தது கலவரமல்ல, ஆணை. ஆணைக்கு எழுவாய் உண்டு.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், புலிகளின் தலைவர் பிரபாகரன் பக்கத்தில் இருக்க, அவர்களுடைய அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். சில நாட்களில் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூஃப் ஹக்கீமும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டார்கள். ‘செய்தது நாங்கள்’ என்று செய்தவர்களே சொன்ன பிறகும் நம் மொழி அதைச் சொல்லத் தயங்குகிறது.

எப்படி என்று சொல்கிறேன். உள்நாட்டில் பெயர்ந்தவர்கள் குறித்து ஐக்கிய நாடுகள் சபை 1998இல் வகுத்த வழிகாட்டு நெறிகள், வீட்டை விட்டு ஓட வற்புறுத்தப்பட்டவர்கள், கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் என்றுதான் அவர்களை வரையறுக்கின்றன. ஆங்கிலத்தில் அவர்களுக்கு வழங்கும் பெயரே செயப்பாட்டுவினை. அது தமிழுக்கு வந்தபோது ‘இடம்பெயர்ந்தோர்’ ஆயிற்று. பெயர்ந்தார்கள், தாமாக. மரம் வேரோடு பெயர்ந்தது என்பதற்கும் மரத்தைப் பெயர்த்தார்கள் என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியாததல்ல. பிரதேச செயலகப் படிவத்திலும் நிவாரண அட்டையிலும் பாடசாலைப் பதிவேட்டிலும் பத்திரிகைச் செய்தியிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தன்வினையை எழுதி எழுதி, அந்தப் பிள்ளைகளே தங்களைப் பற்றி அப்படிச் சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். நீரால், புயலால், போரால், ஆணையால் வீடிழந்தவர்கள் எல்லாரும் ஒரே பத்தியில். போர் முடிந்த 2009க்குப் பிறகு அதற்கு முன்னால் இன்னொரு அடைமொழியும் ஒட்டியது: ‘பழைய’. வன்னியிலிருந்து வந்தவர்கள் புதியவர்கள், நீங்கள் பழையவர்கள். வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது அந்த அடைமொழிக்கு விலை இருந்தது.

வடபுலத்து முஸ்லிம்கள் தாங்கள் நடத்தும் நினைவுகூட்டங்களில் ‘வெளியேற்றம்’ என்றே சொல்கிறார்கள். சரியான பிறவினை. 2011இல் அறிக்கை வெளியிட்ட குடிமக்கள் ஆணைக்குழுவின் பெயரிலும் வெளியேற்றம் இருந்தது. அவர்களுடைய சொல்லை நாம் எல்லாரும் எடுத்துக்கொள்வதில் என்ன தடை?

6. வந்தவரும் இருந்தவரும்

இந்தப் பகுதி உங்களைப் பற்றியது. அதனால் சுருக்கமாகவும் கவனமாகவும் பேசுகிறேன்.

1990இல் கற்பிட்டியும் புத்தளமும் செய்ததை உலகம் போதிய அளவு எழுதவில்லை. அரசாங்கம் வருவதற்கு முன்பே பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வீட்டு முற்றங்களும் திறந்தன. தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. மொழி ஒன்று, மதம் ஒன்று, பலருக்குப் பழைய சம்பந்தமும் இருந்தது. சில வாரங்களில் திரும்பிவிடுவார்கள் என்று இரு பக்கமும் நம்பினார்கள். வாரங்கள் ஆண்டுகளானபோது கிணற்றில் தண்ணீர் குறைந்தது, வெங்காயத் தோட்டத்துக்கும் உப்பளத்துக்கும் ஆள் கூடிக் கூலி இறங்கியது, காணி விலை ஏறியது, வகுப்பறை நிறைந்தது. உலருணவு அட்டை ஒரு பக்கத்துக்கு இருந்தது. அதே வறுமையுள்ள மறுபக்கத்துக்கு இல்லை. ‘அகதி’ என்ற சொல் பிள்ளைகள் சண்டையில் வசையானது. நோர்வே நாட்டு ஆய்வாளர் கத்ரின் புருன் இந்தக் குடாநாட்டில் தங்கி ஆராய்ந்து எழுதிய நூலில் இதையெல்லாம் காணலாம்.

வந்தவர்கள் ஒட்டவில்லை என்று ஒரு பக்கமும், இருந்தவர்கள் சேர்க்கவில்லை என்று மறுபக்கமும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டும் எழுவாயைத் தவறான இடத்தில் தேடுகின்றன. உதவியை ஆளுக்கு அல்லாமல் அட்டைக்குக் கொடுத்த முறை யாருடையது? தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டே ஒரு தலைமுறையைப் பெயரளவில் வடக்கிலும் உடலளவில் புத்தளத்திலும் வைத்த நிருவாகம் யாருடையது? 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு பஸ்களில் போனவர்கள் மீது வழியில் தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நல்ல வேளையாக உயிரிழப்பு இல்லை. வெளியேற்றப்பட்டு 29 ஆண்டுகளுக்குப் பிறகும் வாக்குச்சீட்டு வேறு மாவட்டத்தில் இருந்ததால் ஏற வேண்டியிருந்த பஸ் அது.

ஒட்டவே ஒட்டாது என்றும் இல்லை. கொழும்புக் குப்பையை அறுவைக்காட்டில் கொண்டுவந்து கொட்டும் திட்டத்துக்கு எதிராக 2018இலும் 2019இலும் புத்தளம் தெருவில் இறங்கியபோது, வந்தவர் இருந்தவர் என்று யாரும் வரிசை பிரிக்கவில்லை. சிங்களவரும் தமிழரும் கூட நின்றார்கள். குப்பை சேர்த்து வைத்த உறவு என்று ஒரு நண்பர் கேலி செய்தார். கேலிதான், ஆனால் நடந்தது அதுதான்.

2012 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானோர் சிங்களவர், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள், நூற்றுக்கு ஏழுக்கும் குறைவானோர் தமிழர். இந்த மூன்று பத்திகளுக்குள்ளும் ஒரு காலத்தில் ஒரே மொழி பேசிய குடும்பங்கள் இருக்கின்றன. பத்திகளைப் பார்ப்பவனுக்கு அது தெரியாது. அதை எழுதிவைக்கும் வேலை இங்கே வாழ்பவர்களுடையது.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். கட்டுரைப் பயிற்சியில் ஒரு மாணவன் ‘1990இல் இடம்பெயர்ந்தார்கள்’ என்று எழுதினால், ‘வெளியேற்றப்பட்டார்கள்’ என்று சிவப்பு மையால் திருத்துங்கள். ஏன் என்று கேட்டால் தன்வினை பிறவினை பாடத்தை அங்கேயே நடத்திவிடலாம்.

பெரியவர்களிடம் இன்னொன்று. அந்த ஒக்டோபரில் கரையேறிய குடும்பங்களின் பெயர்ப் பட்டியல், பள்ளிவாசல் சமையற் கணக்கு, நிவாரண அட்டை, கடிதம், பழைய பாடசாலை வரவுப் பதிவேடு என்று எது கையில் இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். கறையான் முந்திக்கொள்ளும் முன் ஒரு பிரதி எடுத்துப் பாடசாலை நூலகத்தில் கொடுங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்பலாம். வந்தவர்கள் தங்கள் கதையை ஒரு கொப்பியிலும் வரவேற்றவர்கள் தங்கள் கதையை இன்னொரு கொப்பியிலும் எழுத வேண்டாம். ஒரே கொப்பியில் எழுதுங்கள்.